அம்மாவின் கம்பியும் பெரியப்பாவின் ஜரிகையும்

மேடைத் தோழர்களே,

நம்மில் எவருக்கும் இன்னும் நரை விழவில்லை. ஆயினும், ஊர் ஊராகப் பேருந்தேறிப் பட்டிமன்றம் பேசித் திரிந்த நம் கூட்டம் இன்று திசைக்கொருவராகப் பிரிந்துவிட்டதால், நினைவை எழுதி வைக்கும் பருவம் நமக்கும் வந்துவிட்டதாகவே கொள்கிறேன். அண்மையில் நாம் கூடியபோது உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஒலிபெருக்கி இல்லாமல் உன் குரல் எதுவரைக்கும் போகும்?" கடைசி வரிசை வரைக்கும் போகும் என்றேன். அது பொய்யன்று, அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் விடை சொன்ன அதே கணத்தில் என் உள்ளம் வேறொரு குரலை நினைத்துக்கொண்டது. ஆரணியில், ஒரு நெசவாளர் தெருவில், ஓட்டுக் கூரையின் கீழே அமர்ந்தபடி, ஒரு குண்டு பல்பு எரியத் தேவையான மின்சாரத்தைவிடக் குறைவான மின்சாரத்தைக் கொண்டு ஜப்பான் வரை பேசியவள் என் அம்மா. அவளுடைய குரல் ஏறக்குறைய நின்றுபோகவிருந்த ஒரு மழைக்காலத்தைப் பற்றியே இதை எழுதுகிறேன்.

ஹாம் ரேடியோ என்று உலகம் அழைக்கும் அந்தப் பொழுதுபோக்கை, வேலூரில் கல்லூரி மாணவியாக இருந்தபோது அம்மா பற்றிக்கொண்டாள். தேர்வெழுதி அரசாங்க உரிமம் பெற்றாள். உரிமத்தோடு அவளுக்கென ஓர் அழைப்புக் குறியும் வந்தது. சில எழுத்துகளும் ஓர் எண்ணும் கோத்த அந்தக் குறி உலகில் வேறு எவருக்கும் கிடையாது. சம்பாதிப்பதற்காக அன்று, செய்தி விற்பதற்காகவும் அன்று. முகமறியாத ஒருவரைக் காற்றில் கூப்பிடவும், கூப்பிட்டவருக்கு மறுமொழி சொல்லவுமே அந்த உரிமம். அவள் ஆரணிக்கு மருமகளாக வந்த நாளில், சீர்ப் பாத்திரங்களுக்கு நடுவே, பழைய புடவையில் சுற்றிய ஒரு பெட்டியும் வண்டியிலிருந்து இறங்கியது. மிக்சி என்று எண்ணி அதைச் சமையலறையில் கொண்டுபோய் வைத்தார்களாம். அவள் தன் கையாலேயே பற்றவைத்துச் செய்த வானொலிக் கருவி அது.

எங்கள் வீடு தறிகளுக்காகக் கட்டப்பட்ட நீளமான வீடு. தரைத்தளம் பெரியப்பாவின் ஆட்சி. தறிகள், பாவு, பட்டு, ஜரிகை, கடைக்காரர்களின் பேச்சு எல்லாம் அங்கே. அப்பா அவருக்குத் தம்பி. தறியில் உட்கார்ந்து நெய்பவர். பேச்சில் மிகச் சிக்கனமானவர். மேல்மாடி ஒரு நீண்ட ஓட்டுக் கூடம். அதன் கோடியில் இருந்த சிற்றறைதான் அம்மாவுடையது. அந்த அறையின் வாசனையை நான் இன்றும் கண்மூடி வரவழைக்க முடியும்: உருகிய ஈயத்தின் புகை, சூடேறிய தூசி, அவள் தலையில் வைத்த கதம்பம். மேசைமேல் ஒரு பித்தளைச் சாவி இருந்தது. பூட்டுக்கான சாவியன்று, அழுத்தினால் ஒலிக்கும், விட்டால் அடங்கும் மோர்ஸ் சாவி. சுவரில், அவளோடு பேசியவர்கள் அதற்குச் சாட்சியாக அஞ்சலில் அனுப்பிய அட்டைகள். ஒன்றில் காற்றாலை, ஒன்றில் பனிக்கட்டிமேல் நிற்கும் பறவைகள், ஒன்றில் எந்தத் துறைமுகம் என்றே தெரியாத ஒரு துறைமுகம்.

நான் முதன்முதலில் அம்மாவின் ஹெட்ஃபோனை அணிந்துகொண்ட மாலையைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. காதுகளை மூடும் பெரிய கறுப்பு ஹெட்ஃபோன். என் தலைக்கு அது தொளதொளவென்று இருந்தது.

"கேளு. எதுவும் பேசாத," என்றாள் அம்மா.

முதலில் ஒன்றுமில்லை. முறத்தில் அரிசி புடைப்பதைப் போன்ற ஓர் இரைச்சல் மட்டுமே. அம்மா ஒரு குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினாள். அந்த இரைச்சலுக்கு அடியிலிருந்து மிக மெல்லிய ஒரு சீழ்க்கை எழுந்தது. விட்டு விட்டு, குட்டையாகவும் நீளமாகவும், யாரோ மறுகரையில் நின்று கூப்பிடுவதைப் போல.

"யாரும்மா அது?"

"ஜப்பான்ல ஒருத்தர். கப்பல்ல தந்தி அடிச்சிகினு இருந்தவரு. இப்போ ரிட்டயர் ஆயி வூட்ல கீறாரு."

"நம்ம கம்பி அவ்ளோ தூரமா போவுது?"

அம்மா சிரித்தாள். "கம்பி மாடியோட நின்னுடும் பாப்பா. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல. அந்த ஒண்ணுமே இல்லாததுலதான் போவுது."

தோழர்களே, அண்டம் என்ற சொல்லை நான் பின்னாளில் எத்தனையோ மேடைகளில் முழங்கியிருக்கிறேன். அதன் பொருள் எனக்குள் இறங்கியது அந்த ஒரு வாக்கியத்தில்தான். தலைக்கு மேலே, மேகத்துக்கும் மேலே, கண்ணுக்குத் தெரியாத ஒரு மின்படலம் இருக்கிறது. அதில் பட்டுத் தெறித்து, கடலைத் தொட்டு, மீண்டும் எழும்பி, அம்மாவின் விரல் அசைவு ஒரு முதியவரின் வீட்டில் போய் விழுகிறது. கீழே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். அந்த மணியைக் காட்டிலும் ஜப்பான் எனக்கு அருகில் இருந்தது. வாயைத் திறக்க எனக்குத் தோன்றவேயில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு, அது எத்தகைய அதிசயம் என்று விளங்கும்.

அப்பாவுக்கு மோர்ஸில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் கம்பி அவருடைய துறை. அந்த ஆண்டு மழைக்குச் சற்று முன்னதாக, அம்மா கேட்டாள் என்பதற்காக, மாடிக் கூரையில் நட்ட குழாயிலிருந்து கொல்லைத் தென்னை வரைக்கும் புதிதாக ஒரு நீண்ட தாமிரக் கம்பியை அவர்தான் ஏற்றினார். காலை நேரத்தில் தெருவின் நீளத்துக்குப் பாவு நூலை நீட்டிக் கட்டும்போது அவர் கை எப்படி இழுத்துப் பார்க்குமோ, அப்படியே கம்பியையும் இழுத்துப் பார்த்தார். தொய்வும் இல்லை, விறைப்பும் இல்லை. "நூலுக்கு மூச்சு உடணும்," என்பது அவருடைய ஒரே விளக்கம்.

ஐப்பசி மழை வந்தது. அவ்வாண்டு அது பெய்த பெய்யலில் சுவர்கள் வியர்த்தன. தரைத்தளத்தில் ஜரிகை அலமாரியின் பின்சுவரிலும் ஈரம் ஏறியது. பெரியப்பாவுக்கு ஜரிகை என்றால் குழந்தை மாதிரி. மருத்துவமனைக் கட்டில்களில் விரிப்பார்களே, அந்தச் சிவப்பு ரப்பர் விரிப்பைக் கடையில் தேடி வாங்கி வந்து, அலமாரியின் ஒவ்வொரு தட்டுக்கும் அளந்து வெட்டி விரித்து, அதன்மேல் ஜரிகைச் சுருள்களை அடுக்கினார். கதவைத் திறந்தால் புது ரப்பரின் நெடி குப்பென்று வரும். எனக்கு அந்த மணம் பிடிக்கும். முகர்வதற்காகவே அந்தப் பக்கம் போவேன்.

முதல் புகார் எதிர்வீட்டு அத்தையிடமிருந்து வந்தது. அம்மா சாவியை அழுத்தும் நேரங்களில் அவர்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் கோடுகள் விழுந்தன.

"ஏம்மா, உன் பொட்டிய தொறந்தா எங்கூட்டு சீரியல்ல மூஞ்சி மூஞ்சிக்கும் கோடு வருது. அவ அழுவுறாளா சிரிக்கிறாளான்னே தெரியல. நான் எதுக்குன்னு அழுவுறது?"

"ஒரு நிமிஷங்க," என்று சொல்லிப் போன அம்மா, கறுப்பாக ஒரு காந்தக்கல் வளையத்தை எடுத்துவந்து, அவர்கள் தொலைக்காட்சியின் வயரை அதற்குள் சுற்றி மாட்டினாள். கோடு நின்றது. அத்தை அன்று மாலையே மன நிறைவோடு அழுதார். எல்லாம் முடிந்தது என்று நாங்கள் எண்ணினோம். முடியவில்லை, பெரியப்பா அந்த வளையத்தை மனத்தில் குறித்துவைத்துக்கொண்டார் என்பதைப் பிறகுதான் அறிந்தோம்.

ஒரு பிற்பகலில், வேலூர்க் கடையிலிருந்து அவர் திரும்பிவந்தார். கையில், கடைக்காரர் வேண்டாமென்று திருப்பிய பட்டுப் புடவைகள். கூடத்துப் பாயில் ஒன்றை விரித்தார். மாம்பழ நிறம். அதன் கரையில் ஓடிய ஜரிகை, அடுப்புக்கரி தொட்ட விரலால் இழுத்ததைப் போல, திட்டுத் திட்டாகக் கறுத்திருந்தது. அலமாரியைத் திறந்தார். நெய்யாத சுருள்களிலும் அதே கறுப்பு. பெரியப்பா கோபப்படுவார் என்று காத்திருந்தோம். அவர் அந்தக் கரையைக் கட்டைவிரலால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அது அழிந்துவிடும் என்று நம்பிய அந்த விரலை நான் இன்றும் மறக்கவில்லை.

பிறகு அவர் அம்மாவை அழைத்தார். தறிகள் நின்றன. எதிர்வீட்டு அத்தையும் வந்து கதவருகில் நின்றார்.

"ஏம்மா, அந்தக் கம்பி எப்ப ஏத்துனது?"

"மழைக்கு முன்னாடிங்க, மாமா."

"இது எப்ப வந்தது? மழைக்கு அப்பால. இத்தினி வருசத்துல ஒரு இழை கறுத்தது இல்ல. டி.வி.யில கோடு உழுந்துச்சா இல்லியா?"

"உழுந்துச்சுங்க."

"நீ வளையம் மாட்டின பின்னாடி நின்னுச்சா இல்லியா?"

"நின்னுச்சுங்க."

"அப்போ அந்தப் பொட்டியிலேர்ந்து ஏதோ ஒண்ணு வெளிய வந்துகினு கீதுன்னு நீயே ஒத்துக்கின. எதிர்வூட்டு டி.வி.க்குள்ள பூந்தது, கீழ்வூட்டு ஜரிகைக்குள்ள பூராதா?"

பிழையான முடிவை நோக்கி இத்துணை ஒழுங்காக அடுக்கப்பட்ட படிக்கட்டை நான் இன்றுவரை எந்தப் பட்டிமன்றத்திலும் கண்டதில்லை. ஒவ்வொரு படியும் உண்மை. கடைசிப் படி மட்டும் அந்தரத்தில் தொங்கியது.

என்னால் பொறுக்க முடியவில்லை. பள்ளிப் பேச்சுப் போட்டியில் எவர்சில்வர் தட்டு வாங்கியிருந்த நான், கூடத்தின் நடுவே போய் நின்று, கையை உயர்த்தி, "அவையோர்களே! அறிவியல் என்னும் ஆதவன் உதித்த பின்னும்..." என்று தொடங்கினேன்.

"உக்காரு பாப்பா. சாயங்காலம் சாக்லேட் வாங்கித் தர்றேன்," என்றார் பெரியப்பா, திரும்பிப் பாராமலேயே.

அம்மா மெதுவாகச் சொன்னாள்: "அந்த அலை அப்படிச் செய்யாதுங்க மாமா."

"செய்யாதுன்னு கண்ணால பாத்தியா?"

"அதைக் கண்ணால பாக்க முடியாதுங்களே."

"அதான் பேஜாரே! கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு ஊட்டுக்குள்ள சுத்திகினு கீது. நான் ஜரிகைய எங்கன்னு ஒளிச்சு வெப்பேன்? கம்பிய எறக்கிடு."

அன்றே அப்பா, மழைக்கு நடுவே தென்னையில் ஏறி, தான் கட்டிய முடிச்சைத் தானே அவிழ்த்தார்.

அதன்பின் வந்த மாலைகளைப் பற்றி எப்படிச் சொல்வது? பேசக் கூடாது என்றுதான் கட்டளை. கேட்கக் கூடாது என்று எவரும் சொல்லவில்லை. ஒரு முழ வயரைச் சன்னலில் தொங்கவிட்டு அம்மா கேட்டாள். அரிசி புடைக்கும் அந்த இரைச்சலுக்குள்ளிருந்து, வழக்கமான நேரத்தில், ஜப்பான்காரரின் சீழ்க்கை எழும். அம்மாவின் அழைப்புக் குறியை அடிப்பார். நிறுத்துவார். காத்திருப்பார். மறுபடியும் அடிப்பார். அந்தக் குறியின் ஓசை எனக்கு மனப்பாடம். உலகத்தின் மறுகோடியில் ஒருவர் என் அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார், அவள் இதோ இருக்கிறாள், கையெட்டும் தூரத்தில் சாவி இருக்கிறது, அவள் தொடவில்லை.

"ஒரே ஒரு தடவை அடிம்மா. இருக்கேன்னு மட்டும் சொல்லு."

"மாமாகிட்ட சரின்னு சொல்லியாச்சு."

"அவரு நீ செத்துப்போயிட்டன்னு நெனச்சுப்பாரு!"

அம்மா ஹெட்ஃபோனைக் கழற்றாமலே என்னைப் பார்த்தாள். சாவியின் பித்தளைமேல் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள்.

அந்த வாரத்தின் ஒரு மாலையில் அப்பா மேலே வந்தார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"மழை நின்னு வெய்யில் வந்துச்சுன்னா, செவுத்து ஈரம் காஞ்சு, ஜரிகை கறுக்கறதும் தானா நின்னுடும். அப்போ கம்பிய எறக்குனதாலதான் நின்னுச்சுன்னு அண்ணன் சொல்லுவாரு. அதுக்கப்புறம் உன் பொட்டி மூடின பொட்டிதான். மழை இருக்கும்போதே ஏதாச்சும் பண்ணு."

மழை நிற்கக் கூடாதென்று ஒரு நெசவாளர் விரும்பியதை அன்றுதான் கண்டேன்.

அம்மா கீழே இறங்கினாள். நான் பின்னாலேயே ஓடினேன். பெரியப்பா கணக்குப்பிள்ளை மேசையருகில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அலைதான் கறுக்க வெக்குதான்னு ஒரு தடவை சோதிச்சுப் பாத்துடலாங்க."

"எப்படி சோதிப்ப? இன்னும் ரெண்டு பொடவையக் கறுக்க உட்டா?" அவர் எரிச்சலோடு சிரித்தார். "ஒண்ணு பண்ணேன். எங்க ஜரிகையவே கம்பியா கட்டிகினு பேசேன்! அது கறுக்கலன்னா நான் உன்னை நம்பறேன்."

நையாண்டிக்காகச் சொன்னார். அம்மா அதை நையாண்டியாக எடுத்துக்கொள்ளவில்லை.

"சரிங்க மாமா. கட்டிக்கிறேன். நீங்களே ஒரு சுருள் எடுத்துக் குடுங்க."

பெரியப்பாவின் விரலில் வெற்றிலை அப்படியே நின்றது. சொன்ன சொல்லை மீறுபவரல்லர் அவர். புதிதாக வந்த சரக்கிலிருந்து, ஒரே பெட்டியில் இரட்டையாகக் கிடந்த இரண்டு சுருள்களை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார், இரண்டும் நெருப்பைப் போல் மின்னின. ஒன்றை அம்மாவிடம் நீட்டினார். மற்றொன்றைத் தன் அலமாரியில், ரப்பர் விரிப்பின்மேல் பத்திரமாக வைத்துப் பூட்டினார்.

"கார்த்திகை தீபத்தன்னிக்கு ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாப்போம். உன்னுது கறுத்துச்சுன்னா, பொட்டி வேலூருக்குப் போவணும். உங்கம்மா ஊட்லயே இருக்கட்டும். சம்மதமா?"

"சம்மதங்க."

நம் ஜரிகையின் அமைப்பு உங்களில் பலர் அறியாததாக இருக்கலாம். நடுவில் பட்டு நூல். அதைச் சுற்றி மயிரினும் மெல்லிய வெள்ளி நாடா. அதன்மேல் தங்க முலாம். வெள்ளி மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். ஆனால் அவ்வளவு மெல்லியதில் பாதி வலு வழியிலேயே வடிந்துவிடும் என்று அம்மா கவலைப்பட்டாள். "ஒத்த இழையா எதுக்குப் போடணும்?" என்றார் அப்பா. அவர் பல இழைகளைச் சேர்த்து முறுக்கி ஒரே கயிறாக்கினார். மேல்மாடிக் கூடத்தில், ஓட்டுக் கூரையின் உத்தரங்களுக்கு அடியில், மழை படாத இடத்தில் அதை நீளவாக்கில் கட்டினார். மின்சாரம் கசியாதிருக்க, ஜரிகை மரத்தில் நேரடியாகப் படக் கூடாதென்று அம்மா சொன்னதும் சற்று யோசித்து, அவள் கைகளைப் பார்த்தார். அம்மா தன் கண்ணாடி வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள். இரு முனைகளிலும் பச்சை வளையல். நடுவே தங்கக் கயிறு. விளக்கைப் போட்டபோது கூடத்தின் இருளில் ஒரு நீண்ட மின்னல் அசையாமல் நின்றதைப் போல் இருந்தது. அதைப் பார்த்து நான் கைகூப்பினேன். சிரிக்காதீர்கள், நீங்களும் கூப்பியிருப்பீர்கள்.

முதல் மாலை அம்மா அழைத்தாள். விடை வரவில்லை. அடுத்த மாலையும் வரவில்லை. ஜப்பான்காரரின் சீழ்க்கை எங்களுக்குக் கேட்டது. எங்களுடையது அவருக்கு எட்டவில்லை. ஒவ்வொரு மாலையும் பெரியப்பா டார்ச்சோடு படியேறி வந்து, ஜரிகைக் கயிற்றை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அங்குலம் அங்குலமாக ஒளியடித்துப் பார்ப்பார். கறுத்ததா என்று தேடுவார். "ம்" என்பார். போய்விடுவார். அம்மாவின் கவலை வேறு திசைக்கு மாறிற்று. விடையே வராவிட்டால், அலை போகவேயில்லை, ஆகவே சோதனையே நடக்கவில்லை என்று அவர் சொல்லலாம் அல்லவா?

ஒரு மாலை மழை சற்று ஓய்ந்திருந்தது. பெரியப்பா வழக்கம்போல் டார்ச்சோடு கூடத்தின் நடுவில் நின்றிருந்தார். அம்மா அடித்தாள், விரலை எடுத்தாள், காத்திருந்தாள். அவள் முதுகு திடீரென்று நிமிர்ந்தது. ஹெட்ஃபோனின் இணைப்பைப் பிடுங்கினாள். அவள் காதுக்குள் மட்டுமிருந்த ஒலி ஒலிபெருக்கி வழியாகக் கூடமெங்கும் பாய்ந்தது. இரைச்சல், அதற்கடியில் சீழ்க்கை. குட்டை, நீளம், குட்டை. எனக்கு மனப்பாடமான குறி.

"இன்னாம்மா அது?" என்றார் பெரியப்பா. டார்ச்சை அணைக்க மறந்துவிட்டார்.

"என்னைக் கூப்புடறாரு மாமா. ஜப்பான்காரரு. ரொம்ப மெல்லிசா கேக்குதாம். ஆனா கேக்குதாம்." அவள் குமிழை இன்னும் ஒரு மயிரிழை திருப்பினாள். "இத்தினி நாளா எங்க போயிட்டன்னு கேக்கறாரு."

பெரியப்பா தலைக்கு மேலே இருந்த ஜரிகையைப் பார்த்தார். அது அசையவில்லை, ஒளிரவில்லை, சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

"இது வழியாவா?"

"இது வழியாத்தாங்க."

அவர் டார்ச்சை அணைத்தார். பிறகு, ஒரு நெசவாளிக்கு அந்த மாதத்தில் முதலில் தோன்றக்கூடிய கேள்வியைக் கேட்டார்: "அங்க மழையான்னு கேளு."

அம்மா கேட்டாள். விடை வந்தது. "மழை இல்லீங்களாம். நல்லா நிலா தெரியுதாம்."

"குடுத்து வெச்சவரு," என்றார் பெரியப்பா.

சீழ்க்கை மீண்டும் தொடர்ந்தது. அம்மா சிரித்துவிட்டாள். "சிக்னல் வித்தியாசமா கீதாம். இன்னா கம்பி போட்டிருக்கன்னு கேக்கறாரு."

"இன்னான்னு சொல்லப்போற?"

"உள்ளதைத்தாங்க. பட்டு நூல்மேல வெள்ளின்னு."

அடித்தாள். நெடுநேரம் அரிசி மட்டுமே புடைபட்டது. பிறகு குட்டையாக ஒரு குறி வந்தது.

"இன்னொரு தடவை சொல்லச் சொல்றாரு. தப்பா கேட்டுட்டோம்னு நெனக்கிறாரு."

பெரியப்பா தொடையைத் தட்டினார். "நம்ப மாட்டாரு! எப்படி நம்புவாரு? ஆரணி ஜரிகைன்னு அழுத்தி அடிம்மா!"

"ஜரிகை சூரத்துலேர்ந்துதான்ணா வருது," என்றார் அப்பா, கூடத்து வாசலிலிருந்து. அவர் எப்போது வந்து நின்றார் என்று தெரியாது.

"கம்முனு கெடடா. கட்டினது ஆரணியிலதான? அடிம்மா!"

அம்மா அடித்தாள். ஆரணி என்ற எங்கள் ஊரின் பெயர் பெரியப்பாவின் ஜரிகையில் ஏறி, இரண்டு பச்சை வளையல்களுக்கு நடுவிலிருந்து புறப்பட்டு, ஓட்டுக் கூரையைக் கடந்து, மழைமேகத்தைக் கடந்து, கடலுக்கு அப்பால் நிலா காயும் ஒரு வீட்டில் போய் இறங்கியது. அங்கிருந்த முதியவர் அதே எழுத்துகளைத் திருப்பி அடித்தார். எங்கள் ஊர் எங்களுக்கே திரும்பி வந்தது. ஒரு மனிதர் வியப்பில் தன் வயதை இழந்து நிற்பதை நான் கண்டது அன்றுதான். அந்தக் கணத்தில் எங்கள் கூடத்தில் என்னைவிடப் பெரியவர் எவரும் இல்லை.

ஆயினும் அவர் இறங்கிப் போகும்போது, படியில் நின்று, "தீபம் வரைக்கும் பாப்போம்," என்றார். வியப்பு வேறு, வழக்கு வேறு என்பதில் அவர் தெளிவாக இருந்தார். அதற்காகவே அவரை இன்று அதிகமாக மதிக்கிறேன்.

கார்த்திகை தீபத்தன்று வாசலெங்கும் அகல்கள். தெருவே எண்ணெயும் ஈரமண்ணுமாக மணத்தது. அப்பா ஜரிகைக் கயிற்றை அவிழ்த்துக் கொண்டுவந்து கூடத்துப் பாயில் வைத்தார். சற்றே மங்கியிருந்தது, அவ்வளவுதான். தங்கம் தங்கமாகவே இருந்தது. அம்மா என் தோளைப் பற்றியிருந்தாள். அவள் விரல்கள் பதிந்த இடம் எனக்கு வலித்தது, நான் நகரவில்லை.

பெரியப்பா அலமாரியைத் திறந்து தம் சுருளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். மேல்பக்கம் பழுத்த நிறமாகியிருந்தது. அவர் அதைப் புரட்டினார். அடிப்பக்கம், ரப்பரில் படிந்து கிடந்த பக்கம், கண்மையைப் போலக் கறுத்திருந்தது. புரட்டினார். மறுபடி புரட்டினார். மேலே மங்கல், கீழே கறுப்பு. எழுந்து போய் மற்றச் சுருள்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். எல்லாவற்றிலும் கறுப்பு கீழ்ப்பக்கத்தில்தான் தொடங்கியிருந்தது. சிவப்பு விரிப்பை விரலால் தொட்டார். முகர்ந்தார்.

ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்ப்பார்கள், அந்தக் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும், ஈரம் அதைத் துரிதப்படுத்தும் என்றெல்லாம் நான் வேதியியல் வகுப்பில் படித்தது பல ஆண்டுகளுக்குப் பின். அன்று அதை எவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. ஜரிகையைக் காக்க வேண்டுமென்று தேடி வாங்கி, அளந்து வெட்டி, தம் கையால் விரித்ததே அதைத் தின்றிருந்தது என்பதை அவர் தாமாகவே கண்டுகொண்டார். தட்டு தட்டாக விரிப்புகளை உருவினார். சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். திரும்பி வந்தபோது வெறுங்கையாக இருந்தார்.

"அந்தத் தாமிரக் கம்பி எங்கடா?" என்றார் அப்பாவிடம்.

"பரண்மேல கீதுண்ணா."

"நாளைக்குக் காத்தால ஏத்திடு. தென்னைய நான் புடிச்சிக்கிறேன், நீ ஏறு."

பிறகு அம்மாவைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு இல்லை. "அந்த ஜப்பான்காரரு ஊட்ல எல்லாரும் சௌக்கியமான்னு ஒரு வார்த்தை கேட்டு வெய்யிம்மா," என்றார். அம்மாவின் கை என் தோளைவிட்டு எழுந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இத்தோடு கதையை முடித்திருக்கலாம். ஆனால் பெரியப்பா பாயிலிருந்த ஜரிகைக் கயிற்றைச் சுட்டிக்காட்டினார். "இதுவும் நல்ல சரக்குதான். முறுக்க அவுத்துக் குடு. தறியில ஏத்திடலாம்."

அம்மா அதைத் தன் சுவரில் அட்டைகளுக்கு நடுவே மாட்டிவைக்க ஆசைப்பட்டிருந்தாள். எனக்குத் தெரியும், ஆணிகூட அடித்திருந்தாள். ஒரு கணம் தயங்கினாள். பிறகு இரு கைகளாலும் அதை எடுத்து அவரிடம் கொடுத்தாள். நல்ல ஜரிகையைச் சுவரில் மாட்டிவைப்பதை எங்கள் தெரு ஒப்புக்கொள்ளாது. அப்பா இழை இழையாக முறுக்கவிழ்த்தார். அது ஓர் அரக்கு நிறப் புடவையின் கரையில் குறுக்கே ஓடும் ஊடை இழையாக இறங்கியது. தை முகூர்த்தத்துக்கு முன்பே அந்தப் புடவை கடைக்குப் போயிற்று. எந்த ஊர், எந்த மணப்பெண், எவருக்கும் தெரியாது.

தாமிரக் கம்பி இன்றும் மாடிக்கும் தென்னைக்கும் நடுவே மூச்சுவிட்டபடி நிற்கிறது. அம்மாவுக்கு நரை வந்துவிட்டது. கண்ணாடி போட்டுக்கொண்டு இன்றும் மாலைதோறும் அந்தக் குமிழைத் திருப்புகிறாள். ஜப்பான் முதியவரின் சீழ்க்கை சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் வரவில்லை, பிறகு வரவேயில்லை. ஆயினும் அவருடைய அலைவரிசையைச் சற்று நேரம் கேட்டுவிட்டுத்தான் அவள் மற்றவர்களிடம் போகிறாள்.

நானோ உங்களைப் போல ஊர் ஊராகப் பேசுகிறேன். மேடை ஏறியதும் முன்வரிசையை ஒரு முறை பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. அதைச் செருக்கு என்று நீங்கள் கேலி செய்திருக்கிறீர்கள். நான் தேடுவது ஓர் அரக்குப் பட்டு. தென்பட்டுவிட்டால், அதுவேதான் என்று எண்ணிக்கொண்டு, நடுவர் மணியடிக்கும் வரைக்கும் அதன் கரையைப் பார்த்தே பேசுவேன். அதை உடுத்தியிருக்கும் அம்மையாருக்குத் தெரிந்திருக்காது: என் சொல் அவர் இருக்கை வரைக்கும்தான் வருகிறது, அவர் மடியில் கிடக்கும் இழையோ, ஒரு மழைக்கால மாலையில், கடல் கடந்து போய் எங்கள் ஊரின் பெயரைச் சொல்லிவிட்டு வந்தது.